வீட்டில் ஆங்கிலம் மட்டும்

பள்ளி நாட்குறிப்பின் பின்னட்டைக்கு உள்பக்கத்தில் பதினைந்து விதிகள் அச்சிட்டிருந்தார்கள். அவற்றில் பன்னிரண்டாவது: "இவ்விதிகளும், இவற்றின் கீழ் ஆசிரியர்கள் இடும் உத்தரவுகளும் பள்ளி வளாகத்துக்குள் மட்டுமே பொருந்தும்."

ஒரே வாக்கியம். துணைவிதி இல்லை, அடிக்குறிப்பு இல்லை. விதிகளைப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான். இதைவிடத் தெளிவான விதி ஒன்றை எங்கும் பார்த்ததில்லை. 1995 ஜூனில் நாட்குறிப்புக்குப் பழுப்புத் தாள் அட்டை போட்டபோதே அதைப் படித்தேன். படித்துவிட்டு, தாளின் ஓரத்தை உள்பக்கம் மடித்து, அந்த விதியின் மேலேயே பசை தடவி ஒட்டினேன்.

நண்பர்களே, நம் ஓய்வூதியர் சங்க மலருக்குக் குழந்தைப் பருவ நினைவு ஒன்று கேட்டிருந்தீர்கள். என்னுடைய குழந்தைப் பருவத்தில் குறிப்பிடும்படி எதுவும் நிகழவில்லை. என் மகளுடைய குழந்தைப் பருவத்தில் ஒரு மழைக்காலம் இருந்தது. அதைத் தருகிறேன். இந்தக் கோப்பில் எதிர்த்தரப்பு நான்தான்.

அப்போது பூனாவில், கோர்படியில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். உங்களில் பலர் பார்த்த வீடுதான். இரண்டு அறை, ஒரு சமையலறை, மழை வந்தால் ஊறிப் பருத்து மூட மறுக்கும் கதவுகள். ஐந்து நிமிட நடையில் ரயில்வே கேட். ஜூன் முதல் அக்டோபர் வரை வீடு முழுக்க ஈர பிளாஸ்டிக் மழைக்கோட்டின் வாசனை. அந்தக் கோட்டுக்குப் பின்பக்கம் புத்தகப் பைக்காக ஒரு கூன் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மகள் நடந்தால் பின்னாலிருந்து சிறிய ஒட்டகம் போலிருப்பாள். இப்போது அந்தக் கோட்டும் வருவதில்லை, அந்த நடையும் இல்லை.

மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பெயர்கள் எல்லாம் தெரியும். பருந்து, பட்டாணி, இஞ்சின், இட்லித்தட்டு என்று எதைக் காட்டினாலும் சொல்வாள். வினைச்சொல்தான் வராது. வராது என்றால், மொட்டையாக வரும். "ரயில் போ" என்பாள். ரயில் போய்விட்டது என்றாலும் அதுதான், போய்க்கொண்டிருக்கிறது என்றாலும் அதுதான், நாளைக்குப் பாட்டியூருக்கு ரயிலில் போகப்போகிறோம் என்றாலும் அதுதான். "நான் பால் குடி." "அப்பா ஆபீஸ் வா." நேற்று, இன்று, நாளை, நான், நீ, அவள் எல்லாவற்றையும் வினையின் வாலிலிருந்து கழற்றிவிட்டுத் தலையை மட்டும் நம் கையில் தருவாள். கட்டளை மட்டும் பிழையில்லாமல் வரும்: கொடு, எடு, வா, போ. எங்கள் அலுவலகத்தில் பதவி உயர்வுக்கு அதுவே போதும். பள்ளியில் போதவில்லை.

அவளை முழுதாகப் புரிந்துகொண்டவர் ரயில்வே கேட்டின் கேட்மேன். மாலையில் கேட் மூடியிருக்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்று, அவரிடம், "காடி ஜா" என்பாள். வண்டி போ. இந்தியிலும் அதே மொட்டை. அவர் ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. "ஹான் பேட்டி, சலீ கயீ," என்பார், போய்விட்டதம்மா என்று. அல்லது, "ஆ ரஹீ ஹை," வருகிறது என்று. அவர் தண்டவாளத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை முதல் வாரத்தில் நாட்குறிப்பில் சிவப்பு மையில் வகுப்பாசிரியை எழுதி அனுப்பினார். குழந்தை வாக்கியம் அமைப்பதில் மிகவும் பின்தங்கியிருக்கிறாள். வீட்டில் ஒரு மொழி, வெளியில் இரண்டு மொழி, பள்ளியில் ஒன்று என்று குழம்பியிருக்கிறாள். ஆகவே இன்றுமுதல் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசவும். தீபாவளிக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்வது நல்லது. கீழே கையெழுத்து, தேதி.

எழுத்தில் இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அதற்குப் பெயர் உத்தரவு. 'பார்த்தேன்' என்று நானும் கையெழுத்திட்டேன்.

என் மனைவி திருநெல்வேலிப் பக்கம். பூனாவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. காய்கறி வண்டிக்காரரிடம் மராத்தி, ரேஷன் கடையில் இந்தி, எங்கும் சமாளிப்பாள். ஆங்கிலத்தில் மட்டும் அவளுக்கு இருபது முப்பது சொற்கள்தான். உத்தரவை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பிள்ளகிட்ட நான் என்ன பாஷ பேசணும்னு அந்த டீச்சர் சொல்லுதா. நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிய."

"டி.சி. குடுத்துருவாங்க. வேற எந்தப் பள்ளிக்கூடத்துல இப்போ சேர்ப்ப?"

"சரி, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு தீர்ந்து போச்சுன்னா? அப்புறம் என்னத்தப் பேச?"

"நான் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன். இது எந்த அடிப்படையில போட்ட உத்தரவுன்னு."

"எப்ப பதில் வரும்?"

"வரும். அதுவரைக்கும் இந்த உத்தரவுதான் அமல்ல இருக்கும்."

"வரலன்னா?"

"நினைவூட்டல் அனுப்பலாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

பள்ளியை நடத்திய அறக்கட்டளையின் தலைமையகம் வேறு ஊரில் இருந்தது. தலைமையாசிரியை வழியாக, முறைப்படி, மூன்று படிகளில், கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து விண்ணப்பம் அனுப்பினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் உண்டு. ஒரே கேள்வி: குழந்தையுடன் தாய் வீட்டில் எந்த மொழியில் பேசலாம்? நண்பர்களே, இந்தக் கேள்வியை நான் ஒரு அறக்கட்டளையிடம் கேட்டேன். இன்று எழுதும்போது விரல் கூசுகிறது. அன்று, வரைவு நன்றாக அமைந்துவிட்டது என்று மகிழ்ச்சியாக இருந்தது.

வீட்டில் உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மனைவி காலையில், "கம்," என்பாள். மகள் வருவாள். "சிட். ஈட்." சாப்பிடுவாள். "வாஷ். வேர். கோ." பள்ளிக்குப் போவாள். மாலையில் மறுபடி, "கம். ஈட். ரீட். ஸ்லீப்." அவ்வளவுதான். என் மகளைப் போலவே என் மனைவியும் மொட்டை வினைகளில் பேசிக்கொண்டிருந்தாள் என்பது இப்போது தெரிகிறது. குழந்தைக்கு வாக்கியம் கற்பிக்க வந்த திட்டம், வீட்டில் முழு வாக்கியம் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயை அடைத்திருந்தது. அதுவரை சமையலறையிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த குரல், 'ஏட்டி, அந்தப் பருப்பு டப்பாவ எடுத்துட்டு வா, நேத்து ஒருத்தி வந்தா பாரு, அவ என்ன சொன்னா தெரியுமா' என்று ஆரம்பித்து எங்கேயோ போய் முடியும் அந்தக் கதைகள், ஒரே நாளில் நின்றன. குக்கர் விசில் எவ்வளவு சத்தமானது என்று அந்த ஜூலையில்தான் கவனித்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மராத்திக்கார அம்மா இருந்தார். மகள் அவரைக் காகு என்று கூப்பிடுவாள். மத்தியானம் மனைவி அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு சனிக்கிழமை சீக்கிரம் வீடு திரும்பியபோது சுவருக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது. தமிழில், மூச்சுவிடாமல், திருநெல்வேலித் தமிழில். காகுவுக்குத் தமிழில் 'வணக்கம்' தவிர ஒன்றும் தெரியாது. 'ஹோ, ஹோ' என்று மராத்தியில் ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். உத்தரவு மகளுடன் பேசுவதைத்தான் தடுத்திருந்தது. ஆகவே இதில் மீறல் எதுவும் இல்லை என்று நான் முடிவு செய்தேன்.

அதே காகு என்னைப் படியில் நிறுத்தி ஒருநாள் சொன்னார். "குழந்தையைத் திட்டாதீர்கள், பாவு. என்னிடம் மராத்தி பேசும்போதும் இப்படித்தான் பேசுகிறாள். மலா ஸகளம் களதம்." எனக்கு எல்லாம் புரிகிறது என்றார். அதைக் குழந்தை மேலுள்ள பிரியம் என்று நினைத்தேன். அது ஒரு சாட்சியம் என்று தோன்றவில்லை.

என் பங்குக்கு நான் ஒரு பதிவேடு தொடங்கினேன்.

நீளமான, சிவப்புத் துணி முதுகுள்ள பதிவேடு. இப்போது அதுவும் கிடைப்பதில்லை. ஐந்து கட்டங்கள்: தேதி, குழந்தை சொன்னது, ஆங்கிலத்தில் திருத்திய வாக்கியம், எத்தனையாவது முறையில் சரியாகச் சொன்னாள், எடுத்த நடவடிக்கை. கடைசிக் கட்டம் பழக்கத்தில் போட்டது. கோடு போட உட்கார்ந்தால் கை தானாக அதையும் போட்டுவிடும்.

முறை இதுதான். மாலையில் நான் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மகள் ஓடிவந்து தமிழில் ஏதாவது சொல்வாள். தடை பெரியவர்களுக்குத்தான், அவளிடம் வேறு மொழி எங்கே இருந்தது? நான் உடனே எதுவும் செய்யமாட்டேன். அலுவலகத்தில் வரைவு பிழையோடு வந்தால் விஷயத்தையா படிப்போம்? திருப்பி அனுப்புவோம். அப்படித்தான். அவள் சொன்னதை எழுதுவேன். பக்கத்தில் சரியான ஆங்கில வாக்கியம். அதை அவள் பிழையில்லாமல் சொல்லும்வரை திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பேன். திருத்துவதற்கு மட்டும் தமிழ் பேசலாம் என்று எனக்கு நானே விலக்கு அளித்திருந்தேன்.

"அப்பா, அம்மா அழு."

"அப்படி இல்ல. மதர் இஸ் க்ரையிங். சொல்லு."

"மதர் க்ரை."

"இஸ். இஸ் க்ரையிங்."

"மதர் இஸ்... அப்பா, வா."

"முதல்ல முழுசாச் சொல்லு."

நான்காம் முறையில் சரி என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் மிகவும் அழகாக இருக்கிறது.

ஆகஸ்ட் முடிவதற்குள் மகள் ஓடிவருவதை நிறுத்திவிட்டாள். நான் வந்தால் சுவரோரமாக உட்கார்ந்து பென்சிலைச் சீவுவாள். பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிடும், இன்னொன்றை எடுப்பாள். பதிவேட்டில் வாரத்துக்கு இரண்டு பதிவு, பிறகு ஒன்று. பிழைகள் குறைந்துவருகின்றன என்று நான் கணித்தேன். செப்டம்பர் நடுவில், பேசாத குழந்தை பிழையும் செய்யாது என்பது மெல்ல உறைத்தது. வகுப்பிலும் அப்படியே. கேட்மேன்கூட என்னிடம், "பேட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று இந்தியில் கேட்டார். அன்று ரயில் வந்தது, போனது. அவள் எதுவும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. நாட்குறிப்பில் இரண்டாவது சிவப்பு மை: மருத்துவச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் டி.சி. தயாராக இருக்கும்.

பூனாவின் கேம்ப் பகுதியில் ஒரு மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வந்துகொண்டிருந்தார். மராத்திப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. தமிழ் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மகளிடம் படங்கள் காட்டினார். ஒரு படத்தில் பெண் வாழைப்பழம் தின்கிறாள். அடுத்ததில் தோல் மட்டும் கிடக்கிறது. இந்தியில் கேட்டார், மராத்தியில் கேட்டார், தமிழில் கேட்கச் சொல்லி என்னிடம் கேட்டார். மூன்றிலும் மகள் மிக மெதுவாக, இரண்டு படத்துக்கும் ஒரே மொட்டை வினையைத்தான் சொன்னாள். காகு சொன்னதை அப்போதுதான் நான் அவரிடம் சொன்னேன்.

"அப்படியானால் மொழிகள் மேல் பழி போடாதீர்கள், சார்," என்றார் ஆங்கிலத்தில். "சில குழந்தைகளுக்கு வினைச்சொல்லில் காலத்தைச் சேர்ப்பது கடினம். புத்தியில் குறையில்லை, காதிலும் இல்லை. ஒரே மொழி பேசும் வீடுகளிலும் இப்படிக் குழந்தைகள் உண்டு. ஹாங்காங்கில் கான்டனீஸ் பேசும் குழந்தைகளுக்கு வினை நம்மைப்போல் உருவே மாறாது. பின்னால் சின்னச் சொல் ஒன்றை ஒட்டினால் போதும். அதையும் சில குழந்தைகள் விட்டுவிடுவார்கள். நேரம் எடுக்கும். நிறையப் பேச்சு காதில் விழவேண்டும். வீட்டில் யார் அதிகம் பேசுவார்கள்?"

பதிலுக்குப் பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். பெருமையாகத்தான் வைத்தேன். இவ்வளவு முறையாகத் தகவல் கொண்டுவந்த பெற்றோரை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தேன்.

உண்மையிலேயே பார்த்ததில்லை போலிருக்கிறது. விரல் வைத்து, ஆங்கிலக் கட்டத்தை மேலிருந்து கீழாகச் சத்தமாகப் படித்தார். சோதனைத் தாளைப் படிக்கும் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"அம்மா சமையலறையில் இருக்கிறாள். அம்மா அழுகிறாள். ரயில் போய்விட்டது. அம்மா பேசவில்லை. அம்மா அழுகிறாள். நான் பால் குடித்தேன். அம்மா என்னோடு பேசவில்லை. அம்மா காகு வீட்டுக்குப் போனாள். அம்மா அழுதாள்."

பக்கத்தைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் படித்தார். பிறகு நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மன்னியுங்கள், சார். உங்கள் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?"

"இல்லையே."

"அப்படியானால் உங்கள் மனைவி ஏன் அழுதுகொண்டிருந்தார்?"

நான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். எடுத்த நடவடிக்கை. எல்லாப் பக்கத்திலும் காலி.

"அதை நான் குறித்துக்கொள்ளவில்லை," என்றேன்.

அவர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். சான்றிதழை எழுதினார். கீழே, நான் கேட்காமலேயே, 'தாய் வீட்டில் தமிழில் பேசுவது அவசியம்' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். என்னைப் பார்த்தாலே எழுத்தில் வேண்டியிருக்கும் ஆள் என்று தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கதவு வழக்கம்போல் திறக்கவில்லை. தோளால் இடித்துத் திறந்தேன். மகள் நேரே உள்ளறைக்குப் போய்ப் பென்சிலைச் சீவத் தொடங்கினாள். மனைவி பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே அவகிட்ட தமிழ்லயே பேசு," என்றேன்.

நிமிராமல் கேட்டாள். "எழுத்துல வந்துட்டா?"

"ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து இன்னும் வரல."

"அப்ப வரட்டும். பொறுத்ததுதான் பொறுத்தாச்சு. உங்க ஆபீஸ் ஒழுங்கு கெட்டிரப்பிடாது."

சொல்லவேண்டியதற்கு என்னிடம் எந்தப் படிவமும் இல்லை. ஹாங்காங் குழந்தைகளைப் பற்றி, ஏனோ, அதைத்தான் சொன்னேன். அவள் கத்தி நின்றது.

"சீனாக்காரப் பிள்ளைகளுக்குமா?"

"ஆமா."

"அப்ப நான் பேசுனதாலதான் இப்படி ஆச்சுன்னு இல்ல?"

மூன்று மாதமாக அவள் எதை நினைத்து அழுதாள் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உத்தரவின் பொருளை என்னைவிட அவள் சரியாகப் படித்திருந்தாள். குழந்தை கெட்டதற்குக் காரணம் நீ என்று அதில் எழுதியிருந்தது.

"இல்ல," என்றேன். "ஒருநாளும் இல்ல."

"அங்கயும் எவளாவது ஒருத்தி என்னைய மாதிரிதான் உக்காந்திருப்பா," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "ஏட்டி! இங்க வா. அந்தப் பீர்க்கங்கா தோல எடுத்துப் போடாத, தொவையல் அரைக்கணும். உங்க அப்பா டாக்டர் அம்மாட்ட என்ன அசடு வழிஞ்சிட்டு வந்தாவன்னு சொல்லு பாப்போம்."

பென்சில் கீழே விழும் சத்தம் கேட்டது. மகள் வந்து அவள் மடியில் முழு எடையையும் போட்டு உட்கார்ந்தாள். மனைவி நிறுத்தாமல் பேசினாள். காகு, ரேஷன் கடை, ஊரிலிருந்து வந்த கடிதம், மூன்று மாத நிலுவை முழுவதும். மகள் நடுவில், "அம்மா பேசு. அம்மா பேசு," என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். நான் பதிவேட்டைப் பிரிக்கவில்லை. அதை இரும்புப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் நாட்குறிப்பின் பழுப்பு அட்டையைக் கிழித்து, பன்னிரண்டாவது விதியைத் திறந்து, சான்றிதழோடு தலைமையாசிரியை முன் வைத்தேன். உத்தரவை ரத்து செய்யுங்கள் என்றேன். அவர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன மிஸ்டர், அது ஒரு ஆலோசனைதானே? உத்தரவு என்று யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான்தான் அப்படிப் படித்திருந்தேன்.

டி.சி. தரவில்லை. இரண்டாம் வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கச் சொன்னார்கள், இருந்தாள். பயிற்சிக்கு நான்கு வருடம் போனோம். காலங்கள் ஒவ்வொன்றாக, விருந்தாளிகள்போல், தயங்கித் தயங்கி அவள் பேச்சுக்குள் வந்தன. முதலில் தமிழில்தான் வந்தன. பெரும்பாலும் திருநெல்வேலி வழியாக. இன்று சிஞ்ச்வட்டில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறாள். அவசரப்பட்டால், சந்தோஷப்பட்டால், இப்போதும் வினையின் வால் கழன்றுவிடும்.

அறக்கட்டளைக்கு அனுப்பிய விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை. ஒரு கேள்வி கேட்டால் பதில் வாங்காமல் கோப்பை மூடக்கூடாது. ஆண்டுக்கு ஒரு நினைவூட்டல் போட்டேன். பின்னர் அதுவும் பண்டிகைபோல் ஆகிவிட்டது, "தபால் போட்டாச்சா?" என்று மனைவியே கேட்பாள். அங்கே எந்தப் புண்ணியவான் புதிதாகச் சேர்ந்து, பழைய கட்டுகளை அவிழ்த்து, நிலுவையெல்லாம் தீர்க்க உட்கார்ந்தானோ தெரியாது. ஒருநாள் பதிவுத் தபால் வந்தது.

நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். கையெழுத்திட்டு வாங்கியவள் மகள், பதினேழு வயது. உறையைக் கிழித்து வாசலிலேயே படித்தாள்.

"என்னட்டி எழுதியிருக்கு?" என்றாள் மனைவி.

"அம்மா... நீ பேசலாமாம். என்கிட்ட. வீட்ல." சற்று நிறுத்திப் படித்துவிட்டு, "எந்த மொழியிலயும் ஆட்சேபணை இல்லியாம்."

சமையலறையிலிருந்து பாத்திரம் ஒன்று உருளும் ஓசை. மகள் காகிதத்தை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். ஏழு வயதில் ஓடிவருவாளே, அப்படி.

"அப்பா, அம்மா சிரி! அப்பா, வா!"

சோப்பு நுரையோடு எழுந்து போனேன். மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அது அடங்கும்வரை நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அதன்பிறகுதான் இரும்புப் பெட்டியைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். மகள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். திருத்தும் கட்டத்தைக் கோடிட்டு அடித்தேன். எடுத்த நடவடிக்கை: 'சென்று பார்த்தேன்.' தேதி: 2005 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை.